டியூப் அக்கா கடை சாத்திய நாலு நாள்

சேர்வராயன் மலையில் இருக்கிற அத்தனை கல்லையும் தன் சொந்தப் பகையாளியாக நினைத்த ஒரே மனுஷி டியூப் அக்காதான். பாறை, ஜல்லி, கூழாங்கல் என்ற பேதமெல்லாம் அவரிடம் கிடையாது. கல் என்றால் கல். பாதி கல்லும் மீதி காபியுமாக இருக்கிற ஒரு மலையில் கல்லோடு பகை வைத்துக்கொண்டு இருபது வருடம் தலைநிமிர்ந்து கடை நடத்த வேண்டுமென்றால் அதற்குத் தனி நெஞ்சழுத்தம் வேண்டும். அக்காவுக்கு அது வேண்டிய மட்டும் இருந்தது.

ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்கிற சந்திப்பில், பஸ் திரும்புகிற இடத்துக்குப் பக்கத்தில் அவருடைய பஞ்சர் கடை. பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் தொங்குகிற டயர்தான் பலகை. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கத்தான் வேண்டும். ஆனால் சர்ச் பதிவேட்டைத் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது.

பகை ஆரம்பித்தது கடை திறந்த அன்றைக்கு. ஃபாதர் வந்து ஜெபம் செய்துகொண்டிருக்கிறார். அக்கா புதுச்சேலை கட்டிக் கண்மூடி நிற்கிறார். சேலம் பஸ்ஸின் பின்டயரிலிருந்து தெறித்த ஒரு கல் நேராக வந்து புது ஷோகேஸின் கண்ணாடியைப் பதம் பார்த்துவிட்டது. ஆமென் சொல்வதற்குள் கண்ணாடி இல்லை. அன்றிலிருந்து அந்தக் கடையில் கண்ணாடிப் பொருள் எதுவும் நுழைந்ததில்லை. நுழைந்த எதுவும் டியூப் சுற்றாமல் இருந்ததுமில்லை. ஸ்டூலின் நாலு கால், குடைப்பிடி, டீ டம்ளர், மூக்குக்கண்ணாடியின் காது, எல்லாவற்றுக்கும் பழைய டியூப்பில் உறை. கடைக்கு வந்துபோகும் பூனை மட்டும் எப்படியோ தப்பியிருந்தது.

அக்காவிடம் இன்னொரு விசேஷம், அவருடைய மரியாதை. யாரையும் ஒருமையில் பேசமாட்டார். திட்டுவதும் மரியாதையோடுதான். ஒருமுறை கார் டயரில் ஆணியோடு எட்டு கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு வந்த ஒரு சுற்றுலாப் பயணியிடம், "ஏனுங்க, உங்களுக்கு மூளைன்னு ஒன்னு இருக்குதுங்களா, இல்லைங்களா?" என்று கேட்டார். அந்த மனிதர் இருக்கிறது என்று சொல்வதா இல்லை என்று சொல்வதா என்று தெரியாமல் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கும் அக்காவுக்கும் பழக்கம் ஏற்பட்டதற்குக் காரணம் என் உடம்பில் இருந்த சர்க்கரை. அப்போது நான் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு விடுதியில் மேனேஜராக இருந்தேன். நாள் முழுக்க நாற்காலி, வேளா வேளைக்கு விடுதிச் சமையல். ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்த டாக்டர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் உடற்பயிற்சி என்று எழுதினார். அந்தச் சமயம் பார்த்து என் மனைவியின் தம்பிக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. அவன் உயிருக்கு உயிராக வைத்திருந்த கார்பன் மலைச்சைக்கிளை என்னிடம் ஒப்படைத்துவிட்டு விமானம் ஏறினான்.

கார்பன் என்றதும் எனக்கு நினைவுக்கு வந்தது ரசீதுப் புத்தகத்துக்குள் வைக்கிற நீலத்தாள்தான். இது வேறு கார்பன். இரண்டு விரலால் தூக்கிவிடலாம், அவ்வளவு லேசு. மச்சினன் அதைத் துடைப்பதற்கென்று தனியாக ஒரு துணிகூடக் கொடுத்துவிட்டுப் போனான். வாரம் தவறாமல் வீடியோ காலில் வருவான். முதலில் வண்டியைக் காட்டச் சொல்வான். கூடப்பிறந்தவள் எப்படியிருக்கிறாள் என்பது அதற்கப்புறம்.

முதல் நாளே எஸ்டேட் ரோட்டில் முன்சக்கரம் ஒரு கல்லைத் தூக்கி வண்டியின் அடிவயிற்றில் அடித்தது. 'டொக்' என்று ஒரு சத்தம். எனக்கு மச்சினன் முகம் கண்முன்னால் வந்துபோனது. இறங்கித் தள்ளிக்கொண்டே ஒண்டிக்கடைக்கு வந்து சேர்ந்தேன்.

அக்கா வண்டியை ஒரு பார்வை பார்த்தார். இடுப்பில் சொருகியிருந்த சுருக்குப்பையிலிருந்து ஒரு பழைய ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்தார். இப்போது வருகிற ஒல்லி நாணயம் இல்லை, அந்தக் காலத்துத் தடியன். அதை வைத்து வண்டியின் பிரேமை அங்குலம் அங்குலமாகத் தட்டி, காதை வைத்துக் கேட்டார். பலாப்பழம் வாங்கினாலும், குடம் வாங்கினாலும், அக்கா இப்படித் தட்டிப் பார்த்துத்தான் வாங்குவார். கணவர் ஏதாவது பொய் சொன்னால் அவர் மண்டையிலும் தட்டுவார் என்று கேள்வி.

"கணீர்னு இருக்குதுங்க. இந்தத் தடவ தப்பிச்சிருச்சு," என்றார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு என்னை உட்காரவைத்து ஒரு பாடம் நடத்தினார். "இரும்பு வண்டி அடிபட்டா நெளிஞ்சு காட்டுமுங்க சார். இது நொம்ப ரோசம் புடிச்ச பொருளுங்க. வெளிய ஒரு கீறல்கூடத் தெரியாது. உள்ளுக்குள்ள நூலு நூலா உட்டுப்போயிரும். ஒரு நாளு எறக்கத்துல போறப்ப சொல்லாமக் கொள்ளாம ரெண்டாயிருமுங்க. அப்பறம் நீங்க ஒரு பக்கம், உங்க பல்லு ஒரு பக்கமுங்க."

இதெல்லாம் அவர் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை. யாரோ ஒருவர் உடைந்த கார்பன் பிரேமைக் கடையிலேயே வீசிவிட்டுப் போக, அக்கா அதை ரம்பத்தால் அறுத்து உள்ளே பார்த்திருக்கிறார். துணி மேல் துணி வைத்துப் பசை போட்டு இறுக்கினது போல் இருந்ததாம். துணிதானே, கல் பட்டால் கிழியத்தானே செய்யும் என்று முடிவு கட்டி, அன்றைக்கே வைத்தியமும் கண்டுபிடித்துவிட்டார்.

வைத்தியம் டியூப்தான். பழைய சைக்கிள் டியூப்பை நீளவாக்கில் பிளந்து பெடலுக்கு மேலே சாய்வாக இறங்குகிற குழாய்க்கு ஒரு சுற்று. அதன்மேல் ஸ்கூட்டர் டியூப்பில் இன்னொரு சுற்று. செயின் ஓடுகிற பின்குழாய்க்கு மெலிசாக ஒன்று. பசை ஒரு பொட்டு கிடையாது. டியூப்பையே நாடாவாகக் கிழித்து முடிச்சுப் போடுவார். அந்த முடிச்சை அவரைத் தவிர யாராலும் பிரிக்க முடியாது. எனக்கு மட்டும், பிரித்துக் கட்டித்தான் ஆகவேண்டும் என்பதால், ஒரு மணி நேரம் கற்றுக்கொடுத்தார். கட்டி முடித்ததும் லட்ச ரூபாய் வண்டி மழைக்கால எருமைபோல நின்றது.

கட்டுவதற்கு முன்னால் மூன்று சத்தியம் வாங்கினார். ஒன்று, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் டியூப்பை அவிழ்த்து, வண்டியைக் கழுவித் துடைத்து, மறுபடி கட்ட வேண்டும். மண் உள்ளே புகுந்தால் டியூப்பே உப்புத்தாளாகி வண்டியை அறுத்துவிடும். இரண்டு, வண்டியைப் படுக்கப்போடக் கூடாது. மூன்றாவதைச் சொல்லும்போது மட்டும் குரலை உயர்த்தினார்: எக்காரணம் கொண்டும் ஜீப் மேல் சரக்கோடு ஏற்றக் கூடாது. மேடென்றால் மிதிக்க வேண்டும், முடியாவிட்டால் தள்ள வேண்டும். நான் மூன்றுக்கும் தலையாட்டினேன். தலையாட்டுவதில் எனக்கு எந்தச் சிரமமும் இருந்ததில்லை.

இரண்டே வருடத்தில் மலையில் டியூப் கட்டிய கார்பன் வண்டிகள் ஏழு ஆகிவிட்டன. என்னுடையதைத் தவிர மற்றவை விடுதிகளிலும் எஸ்டேட்டுகளிலும் வேலை செய்கிறவர்கள் செகண்ட் ஹாண்டில் வாங்கியவை. உடைந்தால் இன்னொன்று வாங்க வழியில்லாதவர்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஒண்டிக்கடைக் குழாயடியில் ஆறு பேர் வரிசையாக உட்கார்ந்து வண்டி கழுவுவார்கள். நானும் சில ஞாயிறுகளில் போனேன்.

அப்போதுதான் மலைக்கு ஸ்டிக்கர் சார் வந்தார். அந்தப் பெயர் அக்கா வைத்தது. நகரத்திலிருந்து வந்து ஒரு சைக்கிள் முகாம் நடத்தினார். உடம்போடு ஒட்டிய நீலச்சட்டை, கறுப்புக் கண்ணாடி. கல்லடி படாமல் இருக்க வண்டிக்கு ஒட்டுகிற, கண்ணாடி மாதிரியான ஸ்டிக்கர் அவரிடம் கிடைக்கும். நல்ல பொருள்தான், பொய் சொல்லக் கூடாது. ஒட்டியிருப்பதே தெரியாது. மஞ்சக்குட்டையில் புறப்பட்டு, காபித் தோட்டத்துப் பாதைகள் வழியாக வெள்ளக்கடையில் முடிகிற ஒரு சைக்கிள் ஓட்டத்துக்கு அவர் ஏற்பாடு செய்தார். முந்தின நாள் சனிக்கிழமை ஒண்டிக்கடையில் வண்டிகளைப் பரிசோதித்தார்.

பளபளவென்று நின்ற வெளியூர் வண்டிகளை எல்லாம் தாண்டி எங்கள் ஏழு எருமைகளிடம் வந்ததும் அவர் முகத்தைச் சுளித்தார். இந்த டியூப்பைக் கழற்றினால்தான் ஓட்டத்தில் சேர்க்க முடியும் என்றார். போட்டோவில் அசிங்கமாக இருக்கும், தவிர அவிழ்ந்து சக்கரத்தில் சிக்கினால் ஆபத்து என்றார். எங்களுக்காக ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு ஸ்டூல் கிளம்பி வந்தது. அதை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அக்காவும் வந்தார்.

வரிசைக்கு நட்டநடுவில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். "அவுந்துருமுங்களா? எங்க, அவுத்துக் காட்டுங்க பாக்கலாம்," என்றார். ஸ்டிக்கர் சார் குனிந்து முடிச்சோடு மல்லுக்கட்டினார். டீக்கடையில் இருந்தவர்கள் டம்ளரோடு வந்து சூழ்ந்துகொண்டார்கள். ஒரு டீ குடித்து முடிக்கிற நேரம் போனது. ஒரு நகம் உடைந்தது, முடிச்சு அவிழவில்லை.

அத்தோடு விட்டிருக்கலாம். அக்கா விடவில்லை. டீக்கடையில் இரண்டு முட்டை வாங்கிவரச் சொன்னார். ஒன்றுக்கு ஸ்டிக்கர் சாரின் ஸ்டிக்கரை ஒட்டச் சொன்னார். இன்னொன்றுக்குத் தானே டியூப் சுற்றி முடிச்சுப் போட்டார். இரண்டையும் தார்ரோட்டில் வைத்து, ஆளுக்கொரு கல்லை எடுத்து இடுப்பு உயரத்திலிருந்து போட வேண்டும் என்றார். போட்டார்கள். ஸ்டிக்கர் முட்டை ரோட்டில் பரவியது. டியூப் முட்டை அப்படியே இருந்தது. கூட்டம் விசிலடித்தது. அக்கா கையை உயர்த்தி விசிலை நிறுத்திவிட்டு, எல்லோர் முன்னாலும் டியூப்பைப் பிரித்தார். உள்ளே முட்டை நொறுங்கிப் போயிருந்தது.

ஸ்டிக்கர் சார் சிரித்தார். அக்கா அசரவில்லை. "முட்டை ரெண்டுந்தானுங்க ஒடஞ்சுது. உங்க முட்டை ரோட்டுல ஓடுது. என்ற முட்டைய ஆம்லெட் போடலாமுங்க," என்று சொல்லி, டியூப்போடு தூக்கி டீக்கடைக்காரரிடம் கொடுத்தார். அவர் நிஜமாகவே ஆம்லெட் போட்டு எடுத்துக்கொண்டு வந்தார். கொஞ்சம் ரப்பர் வாசம் அடித்தது.

ஸ்டிக்கர் சாருக்கு ரோசம் வந்துவிட்டது. நாளைக்கு இந்த ஏழில் ஒன்று உடைந்தாலும் யார் பொறுப்பு என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அதைக் கேட்கக் கூடாத ஆளிடம் கேட்டுவிட்டார். அக்கா ஸ்டூலைவிட்டு எழுந்தார்.

"நான் பொறுப்புங்க. நாளைக்குச் சாயந்தரம் ஏழு வண்டியும் என்ற கடைக்கு முன்னால வந்து நிக்கும். நீங்களும் வாங்க. தட்டிக் காட்டறனுங்க. என்ற டியூப் கட்டுன வண்டி ஒன்னு, ஒன்னே ஒன்னு ஒடஞ்சு வந்துச்சுன்னாலும், நான் கடைய இழுத்து மூடிட்டுப் போயிர்றனுங்க."

அக்கா சொன்னால் செய்வார் என்பது ஊருக்கே தெரியும். ஸ்டிக்கர் சார் எங்களை ஓட்டத்தில் சேர்த்துக்கொண்டார்.

மறுநாள் ஓட்டத்தில் நான் எத்தனையாவதாக வந்தேன் என்று கேட்காதீர்கள். எனக்குப் பின்னால் ஆம்புலன்ஸ் மட்டும்தான் இருந்தது. ஆனால் பாதை நெடுகக் கற்கள் அடிவயிற்றில் விழுந்துகொண்டே இருந்தன. பழைய 'டொக்' இல்லை, மெத்தையில் விழுகிற மாதிரி ஒரு 'மொத்'. ஒவ்வொன்றுக்கும் அக்காவை வாழ்த்திக்கொண்டே வெள்ளக்கடையில் வந்து இறங்கினேன். அங்கிருந்து ஒண்டிக்கடைக்கு ஏற வேண்டும். மற்ற ஆறு பேரும் மிதித்தும் தள்ளியும் கிளம்பிவிட்டார்கள். எனக்குக் கால் இரண்டும் என்னுடையவையாகவே இல்லை.

அந்த நேரம் பார்த்து அக்காவின் கணவர் ஜீப்போடு வந்தார். ஊருக்கு ஜீப் அண்ணன். அதிகம் பேசாத நல்ல மனிதர். ஜீப் மேலே மிளகு மூட்டை, அதன்மேல் ஆறேழு பலாப்பழம். வண்டியை மேலே போட்டுக்கொள்ளுங்கள் என்று நான்தான் கேட்டேன். அவர் பயந்தார். அக்காவுக்குத் தெரிந்தால் ஊட்டுக்குள் விடமாட்டார் என்றார். ஒண்டிக்கடைக்கு முன்னாலேயே இறக்கித் தள்ளிக்கொண்டு போய்விடுகிறேன், யாருக்குத் தெரியப்போகிறது என்று சொல்லி, மூட்டைக்குப் பக்கத்தில் வண்டியைப் படுக்கவைத்தேன். மூன்று சத்தியத்தில் இரண்டு ஒரே நிமிடத்தில் போனது.

மூன்றாவது வளைவில் ஜீப் ஒரு குழியில் இறங்கி ஏறியது. மேலே ஒரு 'மொத்' கேட்டது. இறங்கிப் பார்த்தோம். இருந்ததிலேயே பெரிய பலாப்பழம் மூட்டைமேலிருந்து உருண்டு, வண்டியின் பார்மேல், சின்ன வயதில் அப்பா நம்மை உட்காரவைத்து ஓட்டுவாரே, அந்த இடத்தில், ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. தூக்கிப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை. ஜீப் அண்ணன் கர்த்தருக்கு நன்றி சொன்னார். நான் கூடவே ஆமென் சொன்னேன்.

சாயங்காலம் கடை முன்னால் கூட்டம். ஆறு வண்டியையும் அக்கா டியூப் அவிழ்த்து, துடைத்து, நாணயத்தால் தட்டினார். ஆறும் கணீர், கணீர் என்றன. ஒவ்வொரு கணீருக்கும் டீக்கடை கைதட்டியது. ஸ்டிக்கர் சாரே இரண்டு தடவை தட்டினார். கடைசியாக என் வண்டி. அடிக்குழாய் கணீர். பின்குழாய் கணீர். அக்கா பெருமையோடு நிமிர்ந்து, சும்மா ஒரு முறைக்காகப் பாரையும் தட்டினார். 'பொத்' என்றது.

மறுபடி தட்டினார். பொத். காதை வைத்து, கண்ணை மூடி, இன்னொரு முறை. பிறகு அந்த இடத்தை விரலால் தடவினார். விரல் கொஞ்சம் ஒட்டினது போல இருந்தது. கையை மூக்கருகே கொண்டுபோனார். நிமிர்ந்து கணவரைப் பார்த்தார். ஜீப் அண்ணன் வானத்தைப் பார்த்தார். அடுத்து என்னைப் பார்த்தார். நான் அவிழ்த்துப் போட்ட டியூப்பைக் குனிந்து பொறுக்கினேன். சொல்லியிருக்க வேண்டிய நேரம் அதுதான். கல் இல்லை, பலாப்பழம் என்று இரண்டு வார்த்தை. என் வாயிலிருந்து வரவில்லை. எனக்கு அன்றைக்கு என்மேல் வந்த வெறுப்பு இன்னும் முழுசாகப் போகவில்லை.

"இது ஒடஞ்சிருக்குதுங்க," என்றார் அக்கா, ஸ்டிக்கர் சாரிடம் நேராக. ஷட்டரை இழுத்து மூடி, பூட்டு போட்டு, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு நடந்தார்.

அடுத்த நாள் ஒண்டிக்கடையில் பஞ்சர் ஒட்ட ஆளில்லை. அக்கா ஊரைவிட்டுப் போய்விடவில்லை. காலை எட்டு மணிக்கெல்லாம் வந்து, மூடிய ஷட்டருக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டுக் கைகட்டி உட்கார்ந்துகொண்டார். டயரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களிடம், கடை மூடியாச்சுங்க என்றார். எப்போது திறக்கும் என்றால், மூடியாச்சுங்க என்றார். இரண்டாம் நாள் ஃபாதரின் ஸ்கூட்டர் பஞ்சர். அவரே வந்து கேட்டார். சொன்ன சொல் சொன்னதுதான் ஃபாதர் என்று சொல்லி, தள்ளிக்கொண்டு போவதற்கு மட்டும் ஒரு கை கொடுத்தார். மூன்றாம் நாள் கணவரின் ஜீப்பே பஞ்சர். ஊட்டுக்காரருக்கும் கடை கடைதான் என்றார். ஜீப் அண்ணன் வெறும் டயரைப் பார்த்தபடி அன்று முழுக்க உட்கார்ந்திருந்தார்.

நான் தினமும் அந்த வழியாகத்தான் விடுதிக்குப் போக வேண்டும். போனேன், பார்க்காத மாதிரி. விடுதிக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் அறைச்சாவியை மாற்றிக் கொடுத்தேன். ஒருவேளை கல்லும் பட்டிருக்கலாம், யார் கண்டது என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். கல் எப்படி மேலிருந்து பார்மேல் விழும் என்று உள்ளுக்குள் ஒரு குரல் கேட்டது. அந்தக் குரலும் மரியாதையாகத்தான் கேட்டது.

நாலாம் நாள் மதியம் நான் அந்த வழியாகப் போகையில், ஸ்டிக்கர் சாரின் கார் டயர் காற்றிறங்கி, கடைக்கு எதிரிலேயே நின்றுபோனது. அவர் இறங்கி வந்து, விளையாட்டாகச் சொன்னதை இவ்வளவு தூரம் எடுத்துக்கொள்ள வேண்டாம், கடையைத் திறங்கள் என்று கெஞ்சினார். அக்கா ஷட்டரில் சாய்ந்தபடி அசையாமல் இருந்தார். "நீங்க சொல்லி மூடலைங்க. நீங்க சொல்லித் தொறக்கவும் மாட்டனுங்க," என்றார்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. விடுதிக்கு ஓடி, உடைந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தேன். டீக்கடையில் இருந்தவர்கள், ஸ்டிக்கர் சார், ஜீப் அண்ணன், எல்லோரும் பார்க்க அதை அக்காவின் முன்னால் நிறுத்தினேன். கல்லால் உடையவில்லை, ஜீப் மேல் ஏற்றி வந்தேன், பலாப்பழம் விழுந்தது, அண்ணன் வேண்டாமென்றுதான் சொன்னார், நான்தான் கேட்கவில்லை என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். ஜீப் அண்ணன் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார். "பழம் என்னுதுங்க," என்றார். அவர் பொதுவில் பேசி நான் கேட்ட முதல் வாக்கியம் அது.

"தெரியுமுங்க," என்றார் அக்கா. "பலாப்பாலு கையில ஒட்டுனதுக்குத் தேங்காண்ண போட்டுத்தான் போச்சுங்க."

தெரிந்துமா நாலு நாள் கடையை மூடிவைத்தீர்கள், அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

"நான் சொன்னா அது சாக்குங்க சார். நீங்க சொன்னாத்தான் அது நெசம்."

பிறகு இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். ஷட்டர் மேலே போன சத்தத்துக்கு டீக்கடை முழுக்க எழுந்து நின்றது. முதல் பஞ்சர் ஸ்டிக்கர் சாருக்குத்தான் ஒட்டினார். ஒட்டிக்கொண்டே, அடுத்த வருடம் எழுபது வண்டி டியூப்போடு வரும், போட்டோவுக்கு வேறு ஊர் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மரியாதையாகச் சொன்னார். என்னை மட்டும் அவர் மன்னித்துவிட்டாரா இல்லையா என்று தெரியவில்லை. வண்டியை வாங்கி, சக்கரங்களைக் கழற்றி, பிரேமைக் கோணியில் சுற்றினார். கோயமுத்தூரில் கார்பனை மறுபடி அடுக்கி ஒட்டுகிற ஒருவர் இருக்கிறார், அனுப்பினால் சரியாகிவிடும் என்றார். திரும்பி வந்ததும் பாருக்கும் டியூப் கட்ட வேண்டும் என்று சேர்த்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. வீடியோ கால். மச்சினன்.

எடுத்ததுமே வண்டியைக் காட்டச் சொன்னான். நான் போனைச் சுவரைப் பார்த்துத் திருப்பி, சிக்னல் சரியில்லை என்று ஆரம்பித்தேன். அக்கா அழுக்குக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போனைப் பிடுங்கினார். நான் கும்பிட்டேன். அவர் கண்டுகொள்ளவில்லை. கோணியில் சுற்றிய பிரேமைத் திறந்து கேமராவில் காட்டினார். மறுமுனையில் மச்சினன் போட்ட கூச்சல் டீக்கடை வரைக்கும் கேட்டது. அவன் மூச்சு வாங்குகிற வரைக்கும் அக்கா பொறுத்திருந்தார்.

"ஆமாங்க, ஒடஞ்சிருச்சுங்க. என்ற தம்பிதானுங்க ஒடச்சாரு. நாலு பேரு முன்னால அவரே சொல்லியாச்சு. சரி பண்ணித் தருவமுங்க. அதுக்கென்னங்க இப்ப?"

நீங்கள் யார் என்று மச்சினன் கேட்டது எனக்குக் கேட்டது. அவரோட அக்காவுங்க என்று சொல்லி, போனை அணைத்து என் சட்டைப்பையில் போட்டுவிட்டு, அடுத்த டயரை எடுத்தார். ஊரே அவரை அக்கா என்றுதான் கூப்பிடும். நானும் இரண்டு வருடமாக அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். கூடப்பிறந்தவர்கள் யாருமில்லாத எனக்கு அவர் அக்காவானது அன்றைக்கு மதியம்தான்.